அலாரம் மாட்டும் முன்னும் பின்னும்: தாசேக் கெலுகோர் வீட்டுக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

மேஃபீல்ட், மலாக்கோப் போன்ற தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைக்குக் கதவில் ஒரு கொக்கி போதுமாக இருந்தது. லயத்தில் எந்நேரமும் யாராவது இருந்தார்கள். இன்று தாமான் வீடுகளில் கணவன் மனைவி இருவரும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட்டால் மாலை வரை வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. அதனால் அலாரம் மாட்டுகிறோம். அது காரணமில்லாமல் பலமுறை அலறிவிட்டால், உண்மையாகவே அலறும் நாளில் பக்கத்து வீட்டார் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அக்கம்பக்கத்தார் அந்தச் சத்தத்தை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைக் காக்க உதவும் சட்டங்களும் பழக்கங்களும் இவை.

1. எந்த வேலைக்கு எந்த அலுவலகம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சுவர், கூரை, கேட் என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம். மின்கம்பி என்றால் எரிசக்தி ஆணையம். காவலாள் என்றால் உள்துறை அமைச்சு. அலாரப் பெட்டியை உள்சுவரில் மாட்டுவது சின்ன வேலை. ஆனால் திருடன் ஏறிவிடுவான் என்று சுற்றுச்சுவரை உயர்த்துவதும், கார் நிற்கும் இடத்துக்கு மேல் கூரை இழுத்துக் கிரில் போட்டு அடைப்பதும் 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்துக்குள் வருகிற கட்டட வேலை. பண்டார் பெர்டாவில் இருக்கும் மாநகர் மன்றத்தில் அனுமதி வாங்கிய பிறகே குத்தகையாளருக்கு முன்பணம் கொடுங்கள். "இந்த வரிசையில எல்லாரும் இப்படித்தான் போட்டிருக்காங்க" என்ற பேச்சை நம்பி இறங்காதீர்கள். இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால், வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும்.

2. அலாரம் அடித்ததும் ஆளை அனுப்புகிறோம் என்று சொல்லும் நிறுவனமா? 1971-ஆம் ஆண்டின் தனியார் நிறுவனச் சட்டப்படி, காவல் சேவை நடத்த உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். நள்ளிரவில் கட்டுப்பாட்டு அறையில் ஆள் உண்டா, எத்தனை நிமிடத்தில் வருவார்கள், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, இடையில் நிறுத்தினால் கருவி யாருக்குச் சொந்தம் என்பதையெல்லாம் தாளில் எழுதி வாங்குங்கள். வீட்டு அலாரத்தின் சமிக்ஞை பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கோ உங்கள் கைப்பேசிக்கோதான் போகிறது. அங்கிருந்து ஒரு மனிதர் 999-ஐ அழைத்தால்தான் போலீசுக்குத் தெரியும். "சைரன் அடிச்சா போலீஸ் தானா வந்துடும்" என்று விற்பனையாளர் சொன்னால், எப்படி வரும் என்று திருப்பிக் கேளுங்கள்.

3. கம்பியில்லாக் கருவி வாங்கினால், தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அங்கீகாரச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மின்கம்பி வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனிடம் கொடுங்கள்.

4. வீண் அலறலுக்குப் பல நேரம் கருவியைவிட, அதை மாட்டிய இடமே காரணம். அறை மூலையில் வைக்கும் உணரி, நகரும் வெப்பத்தைப் பார்த்து விழித்துக்கொள்வது. மாலை வெயில் விழும் சன்னலுக்கு எதிரேயும், ஏர்கான் காற்று நேராக அடிக்கும் இடத்திலும் அதை வைக்காதீர்கள். சாமி மேடைக்கு நேர் எதிரே வைப்பதையும் தவிருங்கள். குத்துவிளக்கின் ஆடும் சுடர் அதை ஏமாற்றக்கூடும். வேலையாள் தமிழ் வீட்டுப் பழக்கம் அறியாதவராக இருந்தால் இதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இன்னொரு தொல்லை பல்லி. உணரியின் வில்லை மேலேயே அது ஊர்ந்தால், அந்தச் சிறு உடம்பும் கருவிக்கு ஆளைப் போலத் தெரியும். ஆகவே உணரியின் பின்புற இடுக்குகளையும் கம்பித் துளைகளையும் அடைத்துவிடுங்கள். எறும்பும் சிலந்தியும் குடியேறாமல் மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். பூனை, நாய் வளர்ப்பவர்கள் அதற்கேற்ற உணரியைக் கேட்டு வாங்கலாம். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பிக்கொண்டால் கதவுக் காந்தத்தின் இரு துண்டுகளும் விலகி நிற்கும். கதவை இழைத்துச் சரிசெய்தாலே பாதி அலறல் அடங்கிவிடும்.

5. பெட்டிக்குள் இருக்கும் மின்கலத்துக்கும் ஆயுள் உண்டு. சாதாரண ஈய அமில மின்கலம் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் களைத்துவிடும். மாற்றிய தேதியை மூடியின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். சாயங்கால இடிமழை நமக்குப் புதிதல்ல. மின்னல் எழுச்சியைத் தாங்கும் காப்புக் கருவியையும் சேர்த்துப் போட்டால் மின்சுற்றுப் பலகை கருகும் ஆபத்து குறையும்.

6. சைரன் எத்தனை நிமிடத்தில் தானாக அடங்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்து, பொருத்துபவரிடம் சொல்லி அமைக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு நகரங்கள் இதில் கண்டிப்பானவை. இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, அலாரம் தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேலோ விட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேலோ ஒலித்து அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையானால், உள்ளாட்சி அதிகாரி வளாகத்துக்குள் நுழைந்து அதை நிறுத்தலாம். லாஸ் ஏஞ்சலிஸில் அலாரத்துக்கு நகர அனுமதிச் சீட்டு வேண்டும். பொய் அலாரத்துக்கு அபராதமும் உண்டு. நம்மவர்கள் நிறைய வாழும் டொராண்டோவில், 2018 முதல் வெறும் சைரனுக்குப் போலீஸ் போவதில்லை. ஒளிப்பதிவு, நேரில் கண்ட ஆள் போன்ற ஏதேனும் ஓர் உறுதி வேண்டும். பொய் அழைப்புக்கு ஓடிய வண்டி, உண்மையான ஆபத்துக்குப் போக முடியாமல் போகும் என்பதே இந்தக் கண்டிப்புக்குக் காரணம். இங்கும் அண்டை வீட்டாருக்கு இடையூறானவற்றின் மேல் நடவடிக்கை எடுக்க 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் மன்றத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அதுவரை போகவிடுவானேன்? வரிசை வீட்டில் சுவர் பொதுச் சுவர். பத்து நிமிடம் ஒலித்து அடங்கும்படி வைத்தால், கைக்குழந்தை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு மலாய் அம்மாவும் உங்களை வாழ்த்துவார்.

7. சாவிக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அதே இங்கிலாந்துச் சட்டம், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் இதையும் கேட்கிறது. நாம் கேட்காமலே செய்யலாம். ஒரே கூரையின் கீழ் இல்லாதவராக, பக்கத்தில் வசிப்பவராக, சாவியை வைத்திருப்பவராக, அலாரத்தை நிறுத்தத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும். சுங்கை பட்டாணியில் இருக்கும் தம்பி எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் இதற்கு உதவமாட்டார். இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற அங்கிள் உதவுவார். அவருக்கென்று தனி எண் பதிந்து கொடுங்கள். உங்கள் எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை.

8. ஆள் இல்லாதபோது புகும் திருட்டுக்கு ஓர் அலாரம் என்றால், ஆள் இருக்கும்போதே பாராங் கத்தியோடு நுழையும் கொள்ளைக்கு வேறு அலாரம். இந்த இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். படுக்கையறையில் கைக்கு எட்டும் இடத்தில் ஓர் அவசரப் பொத்தான் வையுங்கள். பல கருவிகளில் மிரட்டல் எண் என்று ஒன்று பதியலாம். அதை அழுத்தினால் அலாரம் அடங்கியது போலவே தெரியும். வெளியே மட்டும் சத்தமில்லாமல் செய்தி போய்விடும். பாட்டி உட்பட வீட்டில் எல்லாரும் அதை மனப்பாடம் செய்ய வேண்டும். கொல்லையில் பாம்பு வந்தது, குடும்பத்தில் வாய்த்தகராறு என்பதற்கெல்லாம் அந்தப் பொத்தானைத் தொடவே கூடாது. கத்தி நீட்டுபவனோடு மல்லுக்கு நிற்காதீர்கள். நகையை மறுபடி வாங்கலாம். இரவில் தூங்கும்போது, கதவு சன்னல் மட்டும் விழித்திருக்கும் முறைக்கு அலாரத்தை மாற்றிவிட்டுப் படுங்கள்.

9. கேமரா உங்கள் கேட்டையும் வாசலையும் பார்க்கட்டும். எதிர்வீட்டு முற்றத்தைப் பார்க்க வேண்டாம். அண்டை வீட்டு முன்புறத்தை நோக்கியிருந்த கேமரா அவர்களின் அந்தரங்கத்தை மீறுகிறது என்று ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த வீட்டு உபயோகத்துக்கு விலக்குத் தருகிறது. ஆனால் வீட்டின் முன்பகுதியைக் கடையாக்கி வியாபாரம் செய்பவர்கள் அந்த விலக்கை நம்பியிருக்கக் கூடாது. கேமரா இருக்கிறது என்று பலகை வையுங்கள். கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள்.

10. கிரில்லுக்குள் நீங்களே சிறைப்படாதீர்கள். குறைந்தது ஒரு படுக்கையறை சன்னல் கிரில்லில் உள்ளிருந்து திறக்கும் சிறு கதவு வேண்டும் என்று தீயணைப்பு மீட்புத் துறை திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. புகை சூழ்ந்த இருட்டில் சாவி தேட முடியாது. சாவிக்கு ஒரே இடம் வையுங்கள். வெளியிலிருந்து கைவிட்டு எட்டாத, உள்ளே குழந்தையும் எட்டும் இடம்.

11. சுற்றுவேலியில் வீட்டு மின்சாரத்தை நேராக இழுத்துவிடுவது கொலைக்குச் சமம். பந்து எடுக்க வரும் பிள்ளை அதில் கை வைக்கலாம். தற்காப்பு உரிமையைத் தரும் தண்டனைச் சட்டமே, தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்றும் வரம்பு கட்டியிருக்கிறது.

12. தாமானுக்குக் காவல் கொட்டகையும் தடுப்புக் கம்பமும் போடுவதென்றால், குடியிருப்பாளர் சங்கம் முதலில் மாநகர் மன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். மன்றத்தின் அனுமதியோடு வைத்த தடுப்புக் கம்பத்தைச் சட்டவிரோத இடையூறாகக் கொள்ள முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2015-இல் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்த அனுமதியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வருபவரின் மைகார்டைப் பிடித்து வைத்துக்கொள்ளக் காவலாளிக்கு அதிகாரமில்லை. காவலாளிக்குக் காசு சேரவில்லை என்றால் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்க அமைப்பு இருக்கிறது. அதன் கீழ் தன்னார்வ ரோந்து நடத்தச் சட்டத்தில் இடமுண்டு. என்னைக் கேட்டால், காவலாளிக்கு முன்பே தொடங்க வேண்டியது இதுதான். மலாய், சீன, தமிழ் வீட்டார் ஒன்றாக நடக்கும்போது யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

13. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போனாலும் தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும், அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவித்துவிட்டுப் போங்கள். வீட்டைப் பூட்டிப் போகிறவர்களுக்கென்றே போலீஸ் படிவம் வைத்திருக்கிறது. பூட்டிய கேட்டில் பூட்டு வெளிப்புறம் தொங்குவது, பகலிலும் எரியும் வாசல் விளக்கு, குவிந்த கடிதங்கள் ஆகிய மூன்றும் வீட்டில் ஆளில்லை என்று ஊருக்குச் சொல்லிவிடும். பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு பகிருங்கள்.

14. நகைக்குக் காப்புறுதி உண்டு என்று பொதுவாக நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். கட்டடத்துக்கான பாலிசி வேறு, வீட்டுப் பொருள்களுக்கான பாலிசி வேறு. பொருள் பாலிசியிலும் தங்கம், நகை எல்லாம் சேர்ந்து காப்புத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, தனியாக அறிவிக்காத ஒரு பொருளுக்கு ஐந்து விழுக்காடுதான் என்பன வழக்கமான வரம்புகள். வீடு 90 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் திருட்டுக்கு இழப்பீடு கிடைக்காமல் போகலாம். அலாரம் இருக்கிறது என்று பாலிசியில் எழுதியிருந்தால், வெளியே போகும்போதெல்லாம் அதை இயக்கிவிட்டே போக வேண்டும். தாலிக்கொடி, ஆரம், வளையல் ஒவ்வொன்றையும் ரசீதோடு படமெடுத்து, வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள்.

15. வீடு உடைபட்டிருப்பதைக் கண்டால் உள்ளே நுழையாதீர்கள். உள்ளே இன்னும் ஆள் இருக்கலாம். வெளியே நின்று 999-ஐ அழையுங்கள். போலீஸ் வந்து பார்க்கும் வரை இழுப்பறை, கதவுப்பிடி எதையும் தொட வேண்டாம். காப்புறுதிக்கு முதலில் கேட்பது போலீஸ் ரிப்போர்ட்டைத்தான். விட்டுப்போன பொருள் பிறகு நினைவுக்கு வந்தால் மறுபடி போய்க் கூடுதல் ரிப்போர்ட் கொடுங்கள். கேமராப் பதிவுக் கருவி பழைய காட்சியின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். அதனால் அன்றைக்கே பிரதி எடுத்து விசாரணை அதிகாரியிடம் ஒன்று கொடுத்து, உங்களிடம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டையும் அலார எண்ணையும் அன்றிரவு படுக்கும் முன் மாற்றிவிடுங்கள்.