டிஸ்க்கை மாற்றினால் விண்டோஸ் போய்விடுமா?

லேப்டாப்பில் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுகிறீர்களா? விண்டோஸை மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டாம். விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த லேப்டாப்களில், கம்பெனியே போட்டுத் தரும் விண்டோஸின் கீ பொதுவாக மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். கடையில் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை டவுன்லோடு செய்து, 8 ஜிபி பென்டிரைவில் இன்ஸ்டாலரை ஏற்றுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பழைய விண்டோஸ் ஹோம் எடிஷன் என்றால் புதிதும் ஹோம்தான். ப்ரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது. இன்ஸ்டால் செய்யும்போது கீ கேட்டால், 'என்னிடம் கீ இல்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

முக்கியமானது, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர். அது ஆன் ஆகியிருந்தால், டிஸ்க்கைக் கழற்றும் முன்பே 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் பழைய டிஸ்க்கிலுள்ள போட்டோக்களை எடுக்கவே முடியாது.