துளையும் ஓரமும்

அன்புள்ள மக்களே,

இரும்புத் தகட்டின் சான்றிதழில் ஈல்டும் இழுவலிமையும் போட்டிருக்கிறது, தாங்கு தகைவை மட்டும் காணோமே என்று எழுதியிருந்தாய். அதைத் தனியாகத் தேட வேண்டாம். இருக்கிற இரண்டு எண்களிலிருந்து நாம்தான் கணித்துக்கொள்ள வேண்டும்.

தாங்கு தகைவு என்றால் என்னவென்று முதலில் பார்ப்போம். உங்கள் ஆரியங்கோட்டிலிருந்து வடக்கே புனலூர் போனால் கல்லடையாற்றின் மேல் தூக்குப்பாலம் நிற்கிறது. ஆல்பர்ட் ஹென்றி 1877-இல் கட்டி முடித்தது. பாலத்தின் மேல் யானைகளை நடக்கவிட்டு, கீழே படகில் அவர் உட்கார்ந்திருந்தார் என்பார்கள். அந்தக் கதை கிடக்கட்டும், நீ சங்கிலியைக் கவனி. ஒரு கண்ணி இழுக்கும் இழுப்பு, இரண்டையும் கோக்கும் பின் (pin) வழியாகத்தான் அடுத்த கண்ணிக்குப் போகிறது. அந்தப் பின் துளையின் ஒரு பக்கத்தை அழுத்துகிறது. அந்த விசையை, பின்னின் விட்டத்தையும் தகட்டின் தடிப்பையும் பெருக்கிவந்த பரப்பால் வகுத்தால் தாங்கு தகைவு. துளை அரைவட்டமாக வளைந்திருந்தாலும் கணக்குக்கு நேர்ப்பரப்புதான்.

எவ்வளவு வரை விடலாம்? இந்தியத் தரநிலையான ஐஎஸ் 2062-இன் இ250 தகட்டுக்கு ஈல்டு ச.மி.மீ.க்கு 250 நியூட்டன், இழுவலிமை 410. கறுப்பு போல்ட்டுக்குப் பழைய ஐஎஸ் 800 (1984) ஈல்டு அளவையே, 250-ஐயே, அனுமதித்தது. விசையால் அடித்த ரிவெட்டுக்கு 300. ஈல்டைத் தாண்டலாமா என்று உனக்குத் திகைப்பாக இருக்கும். துளையோரத்தில் நசுங்கும் இரும்புக்கு விலகி ஓட வழியில்லை. சுற்றியுள்ள இரும்பு அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. துளை கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

ஆனால் சுற்றி இரும்பு இருக்க வேண்டுமே! மாணவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். 10 மி.மீ. தகடு, 20 மி.மீ. 8.8 தர போல்ட், 22 மி.மீ. துளை என்று வை. 2007-ஆம் ஆண்டு ஐஎஸ் 800-இன்படி, துளை மையத்திலிருந்து விசைத் திசையில் ஓரம்வரை 33 மி.மீ. இருந்தால் தகடு 82 கிலோநியூட்டன் தாங்கும். 66 மி.மீ. இருந்தால் 164. அதே இரும்பு, அதே போல்ட், தாங்குவது இரட்டிப்பு. (இவை பாரக் காரணி பெருக்கிய விசையோடு ஒப்பிட வேண்டியவை. பழைய 250-ஓடு நேரே சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே.) அலுமினியத்திலும் இதே கதைதான். அமெரிக்க விமானக் கையேட்டில் 6061-டி6 தகட்டின் உச்சத் தாங்குவலிமை, ஓரம் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் இழுவலிமையின் ஏறத்தாழ 1.6 மடங்கு, இரண்டு மடங்கு இருந்தால் 2.1 மடங்கு. அதனால் ஓரத்தூரம் சொல்லாமல் தாங்கு தகைவை மட்டும் சொல்பவரை நான் நம்புவதில்லை.

இவ்வளவும் அசையாத பின்னுக்கு. உங்கள் வீட்டு ரப்பர் ஷீட் ரோலரின் தண்டு புஷ்ஷுக்குள் சுழல்கிறது. அங்கே ஈல்டு வருவதற்கு வெகு முன்பே தேய்மானம் வந்துவிடும். அனுமதிக்கும் அழுத்தம் மேலே சொன்னவற்றில் ஒரு சிறு பங்குதான். அதைத் தீர்மானிப்பது வேகமும் எண்ணெயும். அடுத்த கடிதத்தில் அந்தத் தண்டின் விட்டத்தையும் புஷ்ஷின் நீளத்தையும் அளந்து எழுது, போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
மாமா