மேட்ச் இல்லாத மாதங்களில் கோச் என்ன செய்யலாம்?

சீசனின் கடைசி மேட்ச் முடிந்த மறுநாளே, அடுத்த வருடம் யாரைச் சேர்ப்பது, யாரை நிறுத்துவது என்று பட்டியல் போட உட்காரும் கோச்சுகள் நிறையப் பேர். அந்தப் பட்டியலை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். முதலில் ஒரு நோட்டை எடுத்து, சீசன் முழுக்க வாங்கிய கோல்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். எந்த நிமிஷம், பந்து எங்கிருந்து வந்தது, அதற்கு முன் பந்தை எங்கே விட்டோம், அடித்தவனை யார் பார்த்திருக்க வேண்டும். வீடியோ இல்லையா? பிள்ளைகளைக் கேளுங்கள். கோல் வாங்கிய கணத்தை யாரும் மறப்பதில்லை. கோல்கீப்பர் நிச்சயம் மறக்கமாட்டான்.

ஒரு பள்ளி அணியை நான் பார்த்துக்கொண்ட காலத்தில், ஒரு வருடம் முழுக்க “நம்ம டிஃபன்ஸ் சரியில்லை” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் கோல்கீப்பரைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதியபோதுதான் விஷயம் புரிந்தது. வாங்கியதில் பல கோல்கள் எங்களுக்குக் கிடைத்த த்ரோ-இன்னில் தொடங்கியிருந்தன. பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒருவன் ஆள் தேடுகிறான், மற்றவர்கள் நின்ற இடத்திலேயே கை காட்டுகிறார்கள், வேறு வழியில்லாமல் கோட்டை ஒட்டி எறிகிறான், எதிரணி பறித்துக்கொண்டு ஓடுகிறது. எங்கள் ஆட்கள் முன்னே ஏறி நிற்கும் நேரம் அது. பின்னால் இருந்த இரண்டு டிஃபண்டர்களால் என்ன செய்திருக்க முடியும்? அந்தப் பிள்ளைகள் வாங்கிய திட்டு அவர்களுக்கு உரியதே இல்லை.

இது பள்ளி அணிக்கு மட்டும் உள்ள சிக்கலும் இல்லை. 2018 மே மாதம் கீவ் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ரியல் மாட்ரிட்டிடம் 3-1 என்று லிவர்பூல் தோற்றது. இரண்டு கோல்கள் கோல்கீப்பரின் தவறால் வந்தவை. அந்தக் கோடையில் அலிசன் என்ற புதுக் கோல்கீப்பரைப் பெரும் விலைக்கு வாங்கினார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதே கோடையில் கோச் யூர்கன் க்ளாப் டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் க்ரோனமார்க்கையும் கூப்பிட்டார். அவர் த்ரோ-இன்னுக்கு மட்டுமே பயிற்சி கொடுப்பவர், பந்தை 51.33 மீட்டர் தூரம் எறிந்து கின்னஸ் சாதனை வைத்தவர். த்ரோ-இன்னுக்கு ஒரு தனி கோச்சா என்று பலர் சிரித்தார்கள். 2019 ஜூன் 1 அன்று டாட்டன்ஹாமை 2-0 என்று வென்று லிவர்பூல் அதே கோப்பையைத் தூக்கியது. த்ரோ-இன்னால்தான் ஜெயித்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. எங்கே ஓட்டை என்று பார்த்து, அந்த இடத்தை அடைக்க ஆள் தேடினார்கள். அந்த வழியைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் செய்த பயிற்சிக்குக் காசு ஒன்றும் ஆகவில்லை. எறிபவன் ஒருவன், வாங்க மூன்று பேர், தடுக்க மூன்று பேர். பக்கத்தில் இருப்பவன் எறிபவனை நோக்கி ஓடிவருவான், அவனைத் தடுப்பவனும் கூடவே வருவான். காலியான அந்த இடத்துக்குள் இரண்டாமவன் நுழைவான். மூன்றாமவன் பின்பக்கம் விலகி நின்று கோல்கீப்பர் வரைக்கும் வழி திறந்து வைப்பான். த்ரோ-இன்னிலிருந்து நேரடியாகப் பந்தை வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது. இதைச் சொன்னபோது எங்கள் ஃபார்வர்டு நம்பவே இல்லை! தினம் பதினைந்து நிமிஷம் இது மட்டும். நான்காவது வாரம், எறிபவன் பந்தைக் கையில் எடுக்கும் முன்பே மற்றவர்கள் அசையத் தொடங்கினார்கள்.

நோட்டில் பத்துக் குறைகள் தெரியும். ஒன்றை மட்டும் எடுங்கள், மிஞ்சிப்போனால் இரண்டு. மற்றதை இருக்கிறபடி விடுவதற்கும் துணிச்சல் வேண்டும். 2015 ஜூலையில் கிளாடியோ ரனியேரி லெஸ்டர் சிட்டிக்குக் கோச்சாக வந்தார். முந்தைய சீசனின் கடைசி 9 ஆட்டங்களில் 7 வென்று, கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பித்த அணி அது. புது கோச் வந்தால் உதவியாளர்களையும் மாற்றுவது வழக்கம், அவரோ பழைய ஆட்களில் பலரை அப்படியே வைத்துக்கொண்டார். வேகமாக எதிர்த்தாக்குதல் செய்யும் அவர்கள் பழக்கத்தையும் கெடுக்கவில்லை. அடுத்த மே மாதம் 81 புள்ளிகளோடு லெஸ்டர் சாம்பியன். ஒரு அணியைப் புதிதாகப் பொறுப்பேற்கும் இளம் கோச், தன் முத்திரையைப் பதிக்கும் அவசரத்தில் நன்றாக ஓடுவதையும் கழற்றிப் போட்டுவிடக் கூடாது.

இனி உடம்பு. இரண்டு வாரம் கால்பந்திலிருந்து முழு ஓய்வு கொடுங்கள். நீச்சல், சைக்கிள், என்ன வேண்டுமானாலும் விளையாடட்டும். அதற்கு மேல் சும்மா இருந்தால் மூச்சுத்திறன் இறங்கத் தொடங்கும், ஜூனில் பாதிப் பயிற்சி அதை மீட்பதிலேயே போய்விடும்.

தொடையின் பின்தசை இழுத்துக்கொண்டு ஆள் வெளியே உட்காருவதுதான் கால்பந்தில் அடிக்கடி வரும் காயம். அதைத் தடுக்கும் பயிற்சிக்குக் கருவியே வேண்டாம். ஒருவன் முட்டி போட்டு நிற்க, கூட்டாளி அவன் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டும். முட்டியிலிருந்து தலை வரை பலகை போல் நேராக வைத்து, மெதுவாக முன்னால் சாய வேண்டும். இடுப்பை மடக்கக் கூடாது. தாங்க முடிகிற வரை தாங்கி, கடைசியில் கைகளை ஊன்றிக்கொள்ளலாம். இதற்கு நார்டிக் என்று பெயர். ஒழுங்காகச் செய்யும் அணிகளில் பின்தசைக் காயங்கள் ஏறக்குறைய பாதியாகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதல் வாரம் ஒரே நாள், ஐந்தைந்தாக இரண்டு சுற்று போதும். மறுநாள் தொடை வலிக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். பிறகு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

வார்ம்-அப்புக்கு ஃபிஃபாவின் ‘11+’ இருக்கிறது. 15 பயிற்சிகள், 20 நிமிஷம், வாரம் இரண்டு முறையாவது. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான பெண் பிள்ளைகளிடம் நடத்தி 2008-ல் வெளியான பெரிய ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்தன. நம் ஊர் மே வெயிலில் எல்லாவற்றையும் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீர்க் குடம் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கேட்டால்தான் தண்ணீர் என்ற பழைய கண்டிப்பு பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவது.

சட்டத் திருத்தங்களையும் விடுமுறையிலேயே படித்துவிடுங்கள். பொதுவாக ஜூலை 1 முதல் அவை அமலுக்கு வரும். 2025 திருத்தப்படி கோல்கீப்பர் பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிக். கடைசி 5 விநாடிகளை ரெஃப்ரி கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். பிடித்த பந்தைக் கட்டிக்கொண்டு தரையில் படுத்து நேரம் கடத்தும் கோல்கீப்பர் உங்களிடம் இருந்தால், அந்தப் பழக்கத்தை இப்போதே மாற்றுங்கள்.

ஒவ்வொரு பிள்ளையோடும் பத்து நிமிஷம் தனியாகப் பேசுங்கள். “உனக்கு எந்த இடத்தில் ஆடப் பிடிக்கும்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் லெஃப்ட் பேக்காக நிறுத்திய ஒரு பையன், தனக்கு இடது காலில் பந்தை உதைக்கவே பயம் என்று அப்படி ஒரு பேச்சில்தான் என்னிடம் சொன்னான். மைதானத்தில், மற்றவர்கள் முன்னால், அவன் அதை எப்படிச் சொல்லியிருப்பான்?

ஜூன் கடைசியில் ஒரு நட்பு ஆட்டம் வையுங்கள். பெஞ்சில் இருக்கும் ஒருவனிடம் அந்த நோட்டையே கொடுத்து, நீங்கள் திருத்த எடுத்துக்கொண்ட அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் கோடு போடச் சொல்லுங்கள். த்ரோ-இன் என்றால், பந்து நம்மிடம் நின்றதா, போனதா என்று. இடைவேளையில் முதலில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.