வெற்றிடம் வெறும் இடமா?

இரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயை இரசத் தொட்டியிற் கவிழ்த்தால், இரசம் சுமார் 76 சென்ரிமீற்றரில் நிற்கும். மேலே இருப்பது வெற்றிடம். 1644 இல் இத்தாலியர் தொரிசெல்லி விளக்கிய இதைத்தான் நாங்கள் ஊரிற் படித்தோம், மகளுக்கும் அப்படியே சொன்னேன். "பிழை அப்பா" என்றாள். உண்மைதான்: அங்கே சிறிது இரச ஆவியும், சுவரிலிருந்து வரும் வெப்பக் கதிர்ப்பும் உண்டு.

இரண்டையும் அகற்றிவிட்டால்? அப்போதும் மின்காந்தப் புலம் முற்றாக ஓய்வதில்லை என்கிறது குவாண்டம் கொள்கை. சராசரி சைபர், ஏற்ற இறக்கம் சைபரல்ல. (மீதி சைபரான பேரேட்டிலும் வரவு செலவு இருக்கும் அல்லவா?) வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்த ஏற்றமற்ற இரு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று இழுக்கும் என 1948 இல் ஒல்லாந்தர் கசிமிர் கணித்தார். 1997 இல் அமெரிக்கர் லாமோரோ அவ்விசையை அளந்து காட்டினார்.

ஆனால் அதே விசையைத் தகடுகளிலுள்ள இலத்திரன்களின் தாக்கமாகவும் கணிக்கலாம் என்பாரும் உளர். ஆகவே மகளுக்கு முழுப் பதில் இன்னும் கடன்தான்.