ஸ்டாப்வாட்ச் மட்டும் என் கையில்

கலிஃபோர்னியாவில் ஆகஸ்ட் மாதம் பள்ளி திறந்ததும் பெற்றோருக்கு முதலில் வந்து சேர்வது 'சைன்-அப்' பட்டியல்தான். வகுப்புக்கு ரூம் பேரன்ட் வேண்டும், நூலகத்தில் புத்தகம் அடுக்க ஆள் வேண்டும், அறிவியல் கண்காட்சிக்கு மேசை போட வேண்டும். அதற்குள் மகனின் நீச்சல் கிளப்பிலிருந்து ஒரு மெயில். வார இறுதியில் தமிழ்ப் பள்ளி வேறு. கேட்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள். மறுக்க முடியாமல் திணறுவதும் அதனால்தான்.

எது கட்டாயம், எது வேண்டுகோள் என்று முதலில் பிரித்துவிடுங்கள். பள்ளியின் பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ. 1897-ல் வாஷிங்டனில் தாய்மார்கள் கூடித் தொடங்கிய அமைப்பு. அதில் சந்தா கட்டிச் சேர்ந்தாலும் வேலை செய்தே ஆக வேண்டும் என்றில்லை. நீச்சல் கிளப் கணக்கு வேறு. பல கிளப்களில், சேரும்போது கையெழுத்துப் போடும் படிவத்திலேயே ஒரு சீசனுக்கு இத்தனை ஷிஃப்ட், வராவிட்டால் இவ்வளவு பணம் என்று இருக்கும். அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு ஞாயிறு காலை தூங்குவதும் ஒரு வழிதான். காசைக் கொடுத்துக் கழன்றுகொள்கிறாள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நான் மணி நேரத்தைப் பார்ப்பதைவிட வேலையைப் பார்த்துத்தான் கை தூக்குகிறேன். நீச்சல் போட்டியில் எனக்குப் பிடித்தது டைமர் வேலை. லேனுக்கு மூன்று பேர் நிற்போம், ஆளுக்கொரு ஸ்டாப்வாட்ச். ஒலி காதுக்கு வந்துசேரக் கொஞ்சம் தாமதமாகும் என்பதால் ஸ்டார்ட்டர் கருவியின் விளக்கு மின்னுவதைப் பார்த்து அழுத்த வேண்டும். குழந்தை சுவரைத் தொடுகிறதா என்று தண்ணீருக்கு மேலே குனிந்து பார்த்து நிறுத்த வேண்டும். மூன்று நேரங்களில் நடுவில் இருப்பதுதான் கணக்கு. ஷூ நனையும், முதுகு வலிக்கும். ஆனால் கடைசிப் பந்தயம் முடிந்ததும் வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். டீம் மேனேஜர் வேலை அப்படி முடியாது. ராத்திரி பதினொரு மணிக்கும் போன் ஒளிரும். முடிவு தெரியாத வேலைக்கு நான் பெயர் கொடுப்பதில்லை.

எவ்வளவு நேரம் நியாயம் என்று குழம்புகிறவர்களுக்கு இந்த மாநிலச் சட்டத்திலேயே ஒரு எண் கிடைக்கிறது. ஒரே இடத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், பிள்ளையின் பள்ளி நிகழ்ச்சிகளுக்காகப் பெற்றோருக்கு ஆண்டுக்கு 40 மணி நேரம் வரை விடுப்பு தர வேண்டும். மாதத்துக்கு 8 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. சம்பளம் வெட்டுப்படலாம், அது வேறு விஷயம். உரிமையாகக் கொடுத்த அந்த 40-ஐ நான் உச்சவரம்பாக வைத்துக்கொண்டேன்.

தமிழ்ப் பள்ளிதான் உண்மையான சோதனை. அங்கே பட்டியல் வராது, போன் வரும்.

"பொங்கல் விழாச் சாப்பாட்டை இந்த வருஷமும் நீயே பார்த்துக்கிறியாம்மா? போன தடவை எவ்வளவு நல்லா பண்ணே!"

"இந்த வருஷம் முடியாதுக்கா. விழா முடிஞ்சதும் நாற்காலி மடிச்சு, ஹாலைக் கூட்டிக் கொடுத்துட்டுப் போறேன்."

காரணம் சொல்லவில்லை, கவனியுங்கள். ஆபீஸில் வேலை என்றால் 'சனிக்கிழமை ராத்திரி பண்ணிடலாமே' என்பார்கள். உடம்பு முடியவில்லை என்றால் கூட ஒரு ஆளைச் சேர்த்துவிடுவார்கள். எந்தக் காரணத்துக்கும் அக்காவிடம் ஒரு தீர்வு இருக்கும். அதனால் முடியாது என்பதை முதலில் சொல்லி, முடிந்ததை உடனே பக்கத்தில் வைத்துவிட வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று இழுப்பதுதான் பெரிய கொடுமை. அவர்கள் வேறு ஆள் தேடாமல் காத்திருப்பார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கோபத்தோடேயே சொல்கிறேன். எந்தப் படிவமானாலும் அம்மாவின் மெயிலுக்குத்தான் வருகிறது. அப்பாக்களை யாரும் கேட்பதில்லை, அவர்களும் அதை நினைவூட்டுவதில்லை! போன சீசனில் கிளப் படிவத்தில் முதல் தொடர்பு எண் என்ற இடத்தில் என் வீட்டுக்காரரின் எண்ணை எழுதினேன். மறுக்க அவருக்கு இன்னும் வரவில்லை. குளிர்காலப் போட்டிகளில் ஸ்நாக் ஸ்டாண்டில் ஹாட் சாக்லேட் ஊற்றுவது இப்போது அவர்தான்.