இசையை நம்பிப் போகலாமா? போவதற்கு முன் மூன்று பாடங்கள்



நான் மின்னியல் பொறியியல் மாணவன். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு கடைக்காரர் தீபாவளி விளம்பரத்துக்கு அரை நிமிட மெட்டு ஒன்று கேட்டார். பேச்செல்லாம் வாட்சப்பில்தான். விடுதி அறையில் இரண்டு ராத்திரி கண் விழித்துக் கீபோர்டில் போட்டுக் கொடுத்தேன். கையில் 200 வெள்ளி. தலைகால் புரியாத சந்தோஷம்!

ஆறு மாதம் கழித்து, அதே மெட்டை நீட்டி, நண்பன் எழுதிய வரிகளைச் சேர்த்து ஒரு முழுப் பாட்டாக்கி யூடியூப்பில் போட்டேன். கடைக்காரர் கூப்பிட்டார். "தம்பி, அது நாங்க காசு குடுத்து வாங்கினது. நீங்க எப்படிப் போடலாம்?" என்றார். "அண்ணே, மெட்டுப் போட்டது நான்தானே?" என்றேன். பிறகு சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. பாட்டை எடுத்துவிட்டேன். கடைக்காரரைவிட, நண்பனுக்குப் பதில் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

நம்மில் பலருக்குத் திறமை இருக்கிறது. கோயிலில் பஜனை பாடுகிறோம், உருமி அடிக்கிறோம், பள்ளி விழாவில் மேடை ஏறுகிறோம். ஆனால் இதைத் தொழிலாக்க யாரும் நம்மைத் தயார்படுத்துவதில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

பாடம் 1: மேடையில் நிற்பவர் மட்டும் இசைக்காரர் அல்ல

"மியூசிக் படிச்சா சோறு கிடைக்குமா?" என்று வீட்டில் கேட்பார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது பாடகர் மட்டும்தான். ஒரு பாட்டுக்குப் பின்னால் மெட்டமைப்பவர், பாடலாசிரியர், வாத்தியக் கலைஞர், ஒலிப்பதிவாளர், ஒலிக்கலவை செய்பவர் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. நேரடி நிகழ்ச்சிக்கு ஒலி அமைப்பாளர் வேண்டும். கார்ட்டூன் படத்துக்கும் விளையாட்டுச் செயலிக்கும் ஒலி வடிவமைப்பவர் வேண்டும். பள்ளிக்கு இசை ஆசிரியர் வேண்டும்.

முறையாகப் படிக்கவும் இடம் உண்டு. கோலாலம்பூரில் அஸ்வாரா இருக்கிறது. தஞ்சோங் மாலிம் உப்சியில் இசைக் கல்வி படிக்கலாம். தனியார் பக்கம் யுசிஎஸ்ஐ இருக்கிறது. நம் மரபு இசைக்கு, 1981இல் தொடங்கிய டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. நம் ஊர் இசை நம் ஊரோடு நின்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' ஆல்பம் 2006இல் வந்தது. மலேசியத் தமிழ் ராப் அதன்பின் தமிழ்நாட்டிலும் பேசப்பட்டது.

பாடம் 2: காதோடு கணக்கும் வேண்டும்

திருமண மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தால் பேச்சு இரண்டிரண்டாகக் கேட்கிறதே, ஏன்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். முன்னால் ஓர் ஒலிபெருக்கி, அதற்கு 20 மீட்டர் பின்னால் இன்னொன்று. முன்னால் உள்ளதன் ஒலி பின்னால் வந்து சேர 20 ÷ 343, அதாவது ஏறக்குறைய 0.058 வினாடி ஆகும். பின்னால் உள்ள பெட்டியோ, ஒயர் வழியாக வந்த ஒலியை உடனே போட்டுவிடுகிறது. இந்த இடைவெளி 0.05 வினாடியைத் தாண்டினால் பேச்சை நம் காது தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும். விஷயம் தெரிந்த ஒலி அமைப்பாளர், பின்பெட்டியை 58 மில்லி வினாடி தாமதப்படுத்துவார். அவ்வளவுதான், பேச்சு தெளிந்துவிடும்.

ஆக, பள்ளியில் படித்த இயற்பியல் வீண் போகவில்லை. அறிவியல் பிரிவில் படித்துக்கொண்டே இசைக்கும் தயாராகலாம்.

பாடம் 3: உரிமையைத் தெரிந்துகொள்

என் கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மலேசியாவில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. நீ சொந்தமாக ஒரு பாட்டை உருவாக்கி, எழுதியோ பதிவு செய்தோ வைத்தால் உரிமை உனக்கு. எங்கேயும் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உன் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 50 ஆண்டும் அது நிற்கும்.

ஆனால் அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக நீ ஒரு படைப்பைச் செய்து கொடுத்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை கேட்டவருக்கே மாறியதாகக் கருதப்படும். நான் சறுக்கிய இடம் இதுதான். "மெட்டின் உரிமை என்னிடமே இருக்கும், உங்கள் விளம்பரத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும்.

இன்னொன்று: ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது. மெட்டும் வரியும் ஒன்று, ஒலிப்பதிவு மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு ஆளிடம் இருக்கலாம். உங்கள் பாட்டு வானொலியிலோ பொது இடத்திலோ ஒலித்தால், மெட்டுக்கும் வரிக்கும் உரிய தொகையை வசூலித்துத் தரும் அமைப்பு எம்.ஏ.சி.பி. அதில் உறுப்பினராகி, பாட்டைப் பதிந்து வைக்க வேண்டும். பதியாத பாட்டுக்குப் பணம் தேடி வராது.

இந்த வாரம் செய்து பாருங்கள்

1. நண்பர்களோடு சேர்ந்து செய்த ஒரு பாட்டை எடுங்கள். யார் மெட்டு, யார் வரி, யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். "நமக்குள்ள என்னடா எழுத்து?" என்று கூச்சப்பட வேண்டாம். நட்பைக் காப்பாற்றுவதே அந்தத் தாள்தான்.

2. அடுத்த கோயில் நிகழ்ச்சியில் ஒலி அமைப்பவரிடம் போய், "அண்ணே, கூட இருந்து கத்துக்கலாமா?" என்று கேளுங்கள். ஒயர் சுற்றுவதிலிருந்து தொடங்குங்கள்.

3. குழுவில் பேசுங்கள்: இலவசமாக வாசிக்கக் கேட்டால் எப்போது சரி சொல்வது, எப்போது மறுப்பது? கோயில் சேவைக்கும் கடை விளம்பரத்துக்கும் என்ன வித்தியாசம்?

எனக்கு அந்த ஒரு மெட்டு போய்விட்டது. நண்பனும் நானும் இப்போது புதிதாக ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறோம். இந்தத் தடவை முதலில் தாளில் கையெழுத்து, அப்புறம்தான் கீபோர்டு.