குண்டு எந்தப் பக்கம் போகும்?

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் 'இயக்கம்' பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்வியோடுதான் தொடங்குவேன். நூலில் கட்டிய கல்லைத் தலைக்கு மேல் சுற்றுகிறோம். நூல் அறுந்தால் கல் எந்தப் பக்கம் போகும்? கரும்பலகையில் வட்டம் வரைந்து அம்புக்குறி போடச் சொல்வேன். பெரும்பாலோர் மையத்திலிருந்து நேராக வெளியே போடுவார்கள். 'மையவிலக்கு விசை' என்ற பெயரே அவர்களை அங்கே இழுத்துப் போகிறது என்று நினைக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் தயங்காமல் தொடுகோட்டை வரைந்தான். தேர்வுத் தாளில் பாதிக்குமேல் எழுதாதவன். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எங்க தாத்தா சோளக்காட்டுல கவண் வீசறத பாத்திருக்கறனுங்க டீச்சர். குருவி நேரா இருந்தா கல்லு நேரா வர்றப்ப விடமாட்டாருங்க. பக்கவாட்டுல இருக்கறப்பவே விட்டுருவாருங்க."

பாடநூல் ஒரு பக்கத்தில் சொல்வதை அவன் மூன்று வரியில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இந்தப் பாடத்தைக் கவணில் தொடங்கிச் சங்கிலிக் குண்டில் முடிக்கிறேன்.

நம் செய்தித்தாள்கள் சங்கிலிக் குண்டு எறிதல் என்று எழுதினாலும் இன்று அதில் இருப்பது சங்கிலி அல்ல, எஃகுக் கம்பி. ஆதியில் அது உண்மையாகவே மரப்பிடி போட்ட சம்மட்டி. ஸ்காட்லாந்தின் மலைநாட்டு விளையாட்டுகளில் இன்றும் விறைப்பான பிடியுடன்தான் எறிகிறார்கள். ஒலிம்பிக்கில் இப்போட்டி 1900இல் பாரிஸில் நுழைந்தது. களத்தில் இறங்கியவர்கள் ஐந்தே பேர்: மூன்று அமெரிக்கர், இரண்டு சுவீடன்காரர். மரங்கள் நிறைந்த பூங்கா மைதானம் அது. எறிந்தது மரத்தில் மோதாமல் போவதே பெரும்பாடு. அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்காக ஆடிய ஜான் ஃபிளானகன் ஏறத்தாழ 50 மீட்டர் எறிந்து வென்றார். 1904, 1908 போட்டிகளிலும் அவரே முதலிடம்.

மாணவர்களுக்கு இந்த 50 மீட்டரைக் கணக்காகக் கொடுங்கள். 45 பாகைக் கோணத்தில் எறிந்ததாகவும் காற்றின் தடை இல்லை என்றும் கொண்டால், 50 மீட்டர் போக வினாடிக்கு 22 மீட்டர் வேகம் வேண்டும். (எறிபொருள் இயக்கம் மேல்வகுப்புப் பாடம் என்பதால் வேகத்தை நாமே சொல்லிவிடலாம்.) குண்டின் நிறை 7.26 கிலோகிராம். கையும் கம்பியும் சேர்ந்த ஆரம் சுமார் 1.8 மீட்டர். மையநோக்கு விசை ஏறத்தாழ 1,970 நியூட்டன் வரும். அதாவது 200 கிலோ எடையைத் தாங்கும் இழுப்பு. மதுக்கரை சிமெண்ட் மூட்டை நான்கைக் கையில் தொங்கவிட்டபடி சுழல்கிறார் என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

எனக்கே வியப்பளித்தது அடுத்த படி. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப விசை கூடுகிறது. எறியும் தூரமும் அப்படியே. ஆகவே விசையும் தூரமும் ஒரே விகிதத்தில் ஏறும். இந்த அளவுகளுக்கு, மீட்டருக்கு 4 கிலோ. பன்னாட்டுத் தடகளச் சம்மேளனம் 1912இல் தோன்றியது. அது இப்போட்டியில் ஏற்ற முதல் உலக சாதனை 1913இல் பேட்ரிக் ரயன் எறிந்த 57.77 மீட்டர்; கை தாங்கியது 230 கிலோ. அச்சாதனை 25 ஆண்டுகள் நின்றது. 1986இல் யூரி செடிக் எறிந்த 86.74 மீட்டருக்கு 350 கிலோ.

நம் நாட்டுப் பெயர் வேண்டுமென்றால் பிரவீன் குமார் சோப்தி இருக்கிறார். 1966 காமன்வெல்த் போட்டியில் 60.12 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றவர். பின்னாளில் தூர்தர்ஷன் மகாபாரதத்தில் பீமனாக வந்தவரும் இவரே. இதைச் சொன்ன மறுநாள் சில பெற்றோர் பழைய காட்சிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தார்கள்.

செயல்பாட்டுக்குக் கல் வேண்டாம். தொடக்க காலத்தில் நான் வகுப்பறையிலேயே நூலில் அழிப்பானைக் கட்டிச் சுற்றினேன். முடிச்சு நழுவி, முன் வரிசைப் பெண்ணின் காதோரம் பறந்து சுவரில் மோதியது. அவள் சிரித்துவிட்டாள். எனக்குக் கை நடுக்கம் நிற்க நேரமாயிற்று. இப்போது பழைய காலுறைக்குள் டென்னிஸ் பந்து, ஒரு மீட்டர் கயிறு, திறந்த மைதானம். எறிபவரைத் தவிர எல்லோரும் ஒரே பக்கம், முப்பது அடி பின்னால். அப்போதும் "பின்பக்கம் நின்றால் ஆபத்தில்லையே" என்று ஒருவர் கேட்பார். கைவிடும் நொடி சற்றுப் பிசகினால் தொடுகோடு எந்தத் திசைக்கும் திரும்பும். எறிவட்டத்தைச் சுற்றி உயரமான வலைக்கூண்டு வைப்பது அதற்குத்தான்.

வேப்பமரத்தைக் குறியாகக் கொடுங்கள். மரத்தைப் பார்த்துக் கைவிடுபவர்களின் பந்து பக்கவாட்டில் போகும். நாலைந்து முறை தவறிய பின், மரம் தம் இடத்தோளுக்கு நேராக வரும்போது விடக் கற்றுக்கொள்வார்கள். வலக்கை வீரர்கள் இடஞ்சுழியாகச் சுழன்று குண்டை விடும் நிலை அதுவே. கவண் தாத்தாவின் பேரன் முதல் வீச்சிலேயே மரத்தில் அடித்தான். மற்றவர்களுக்குக் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்ததும் அவனே. அந்தப் பருவத் தேர்வில் இந்தப் பாடக் கேள்விகளை மட்டும் முழுதாக எழுதியிருந்தான்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, "பொண்ணுங்களுக்கு எத்தனை கிலோ குண்டுங்க டீச்சர்?" என்று கேட்டாள். நான்கு கிலோ, ஒலிம்பிக்கில் அவர்களுக்கு இடம் கிடைத்தது 2000இல், சிட்னியில். ஆண்களுக்கு நூறு ஆண்டு கழித்து. போலந்தின் கமிலா ஸ்கோலிமோவ்ஸ்கா 71.16 மீட்டர் எறிந்து வென்றார் என்றேன். அவள் அதே ஆரத்தை வைத்து மீட்டருக்கு 2.2 கிலோ என்று கண்டுபிடித்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெருக்கி எழுதிக் காட்டினாள்: 158 கிலோ. "மூணு மூட்டைக்கு மேலங்க டீச்சர்."